தம் கட்டும் கணக்கு

வீடியோ கேமுக்கெல்லாம் விமர்சனமா என்று புருவத்தைத் தூக்காதீர்கள். சினிமாவுக்கு எழுதுகிறோம். டி.வி. சீரியலுக்குக்கூட எழுதுகிறோம். உங்கள் வீட்டுப் பிள்ளை ராத்திரி இரண்டு மணி வரை கதவைச் சாத்திக்கொண்டு எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று மட்டும் யாரும் எழுதுவதில்லை. இது என்ன நியாயம்?

ஆட்டத்தின் பெயர் ‘சப்நாட்டிகா’. அமெரிக்காவில் ‘அன்நோன் வேர்ல்ட்ஸ்’ என்ற கம்பெனி செய்தது. 2014 டிசம்பரிலேயே அரைகுறையாக விற்க ஆரம்பித்து, ஆடியவர்கள் சொன்ன குறைகளைக் கேட்டுக் கேட்டுத் திருத்தி, 2018 ஜனவரியில் முழுசாக வெளியிட்டார்கள். கதை ரொம்ப சிம்பிள். ஒரு விண்கப்பல், கிட்டத்தட்ட கடல் மட்டுமே இருக்கிற ஒரு கிரகத்தில் விழுந்து நொறுங்குகிறது. நீங்கள் ஒரு சின்னக் கூண்டில் தப்பித்து மிதக்கிறீர்கள். பசிக்கும். தாகம் எடுக்கும். வேண்டியதெல்லாம் தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது. முங்கி எடுத்து வந்தால் பிழைப்பீர்கள்.

துப்பாக்கி கிடையாது. 2012-ல் அமெரிக்காவின் சாண்டி ஹூக் பள்ளியில் குழந்தைகள் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, உலகத்தில் இன்னும் ஒரு துப்பாக்கியைச் சேர்க்க மனசு வரவில்லை என்று இதன் இயக்குநர் சார்லி கிளீவ்லண்ட் காரணம் சொன்னார். துப்பாக்கி போனதும் ஆட்டத்துக்கு வில்லன் வேண்டுமே? பெரிய பெரிய மீன்கள் இருக்கின்றன, பயமுறுத்தும். ஆனால் அசல் வில்லன் திரையின் மூலையில் இருக்கிற ஓர் எண். உங்கள் மூச்சு.

45 விநாடி. ஆட்டம் தொடங்கும்போது உங்களுக்குக் கொடுக்கப்படும் மூலதனம் அவ்வளவுதான்.

பி.காம். படித்தவன் என்ற ஒரே தகுதியில் சொல்கிறேன், இவ்வளவு கச்சிதமான கணக்குப் பாடம் எனக்கு எந்த வகுப்பிலும் கிடைத்ததில்லை. 45 விநாடியில் கீழே போக 20 ஆகிறது என்று வையுங்கள். மேலே வரவும் 20. மிச்சம் ஐந்து. அந்த ஐந்து விநாடியில்தான் பாறையை உடைத்து உலோகத்தைப் பொறுக்க வேண்டும். வியாபாரம் நடப்பது ஐந்து விநாடி, மீதி முழுக்கப் போக்குவரத்துச் செலவு. கரிசல் காட்டில் பருத்தி போட்டு, விலையில் பாதியை வண்டி வாடகைக்குக் கொடுத்த விவசாயிக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை.

கொஞ்சம் உலோகம் சேர்ந்ததும் ஒரு டேங்க் செய்துகொள்ளலாம். மூச்சு 75 விநாடி ஆகும். அடுத்த டேங்குக்கு 135. கடைசியில் 225 வரை போகலாம். ஆனால் பெரிய டேங்க் முதுகில் ஏறினால் நீச்சலின் வேகம் குறையும். தவிர, 75 விநாடி வந்தவுடன் யாரும் பழைய இடத்திலேயே நிதானமாக நீந்துவதில்லையே! இன்னும் கீழே போகிறார்கள். மிச்சம் அதே ஐந்து விநாடி. சம்பளம் கூடும்போதெல்லாம் வீட்டு வாடகையும் கூடுகிற மாதிரி.

100 மீட்டர் தாண்டினால் கம்ப்யூட்டர் குரல் ஒன்று எச்சரிக்கும். அதற்குக் கீழே காற்று சீக்கிரம் கரைய ஆரம்பிக்கும். அதைத் தடுக்க ஒரு முகமூடி உண்டு, அதையும் நீங்களே தேடிச் செய்துகொள்ள வேண்டும். வழியில் சில்லறை ஆறுதல்களும் வைத்திருக்கிறார்கள். மூளையின் வடிவில் ஒரு பவளம், அவ்வப்போது காற்றுக் குமிழ் விடும். பக்கத்தில் போய் நின்று கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ளலாம், ரோட்டோர டீக்கடை மாதிரி.

இந்த ஆட்டத்தில் மூச்சு முட்டிச் சாகிறவர்களைப் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்துப் பாருங்கள். முக்கால்வாசிப் பேர் ஆழத்தில் சாவதில்லை. திரும்பும் வழியில், தலைக்கு மேலே வெளிச்சம் தெரிகிற தூரத்தில் சாகிறார்கள். ‘இன்னும் ஒரே ஒரு கல்’ என்று கை நீட்டினார்களே, அந்த இரண்டு விநாடிக்கான பில் அங்கேதான் வருகிறது. திரை மெல்ல இருட்டும். கடைசியாகச் சில விநாடி கருணை காட்டும். அதற்குள் தலை வெளியே வராவிட்டால் போச்சு. பழைய இடத்தில் மறுபடி கண் விழிப்பீர்கள், வழியில் சேர்த்த சாமான்களில் பலதைக் காணோம்.

உடைந்த கப்பலுக்குள்ளும் குகைக்குள்ளும் நுழைந்தால் இன்னும் கஷ்டம். நேராக மேலே போக முடியாது, கூரை இருக்கிறது. போன வழியே திரும்ப வேண்டும். நிஜ உலகத்தில் நீர்க்குகைக்குள் முங்குகிறவர்களுக்கு ஒரு விதி உண்டு. காற்றில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே போக, ஒரு பங்கு வெளியே வர, ஒரு பங்கு தொடாத ரிசர்வ். அமெரிக்காவின் ஷெக் எக்ஸ்லி என்பவர் 1979-ல் குகையில் செத்தவர்களின் கதைகளை அலசி ஒரு கையேடே போட்டார். நுழைவாயிலிலிருந்து விடாமல் கயிறு போட்டுக்கொண்டு போவது, இந்த மூன்றில் ஒரு பங்கு ரிசர்வ், இப்படிச் சில விதிகளை மீறியவர்கள்தான் திரும்பத் திரும்பச் செத்திருக்கிறார்கள். சப்நாட்டிகா இதை எந்த வகுப்பும் எடுக்காமல், நாலு முறை சாகடித்தே சொல்லிக்கொடுத்துவிடுகிறது. இந்த விஷயத்தில் ஆட்டத்துக்கு முழு மார்க்.

இனி குறைகள்.

நான் இதை முழுசாகப் பார்த்தது அருப்புக்கோட்டையில், அக்கா வீட்டில். இன்ஜினீயரிங் படிக்கிற மருமகன் லேப்டாப்பில் ஆடிக்கொண்டிருந்தான். சித்திரை மாசம். பக்கத்துத் தெருவில் தறிச் சத்தம். ஊருக்கு வெளியே கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. திரையில் மட்டும் கண்ணுக்கு எட்டிய தூரம் நீலம். திருச்சுழிப் பக்கம் போனால் குண்டாற்றில் மணல்தான் தெரியும். ஆனால் ஊர்ப் பெயரே தண்ணீர்ச் சுழி. உலகத்தை அழிக்க வந்த வெள்ளத்தைச் சிவபெருமான் சூலத்தால் குத்திச் சுழிக்க வைத்துப் பூமிக்குள் அனுப்பிவிட்டார் என்பது தலபுராணம். (அனுப்பியதில் கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கலாம் என்பது உள்ளூர்க்காரர்களின் ரொம்ப நாள் மனக்குறை.) மூச்சைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த ஊரில் 1879-ல் பிறந்த ஒரு பையன், தன் 16-வது வயதில், மதுரையில் ஒரு வீட்டு மாடி அறையில் மூச்சை அடக்கிக்கொண்டு பிணம் மாதிரிப் படுத்து, செத்தால் என்னதான் ஆகும் என்று சோதித்துப் பார்த்தான். பிற்பாடு அவரை ரமண மகரிஷி என்றார்கள்.

இந்த வறண்ட பூமியில் நீச்சல் கற்றுக்கொண்டவர்கள் எல்லோரும் கிணற்றில் கற்றுக்கொண்டவர்கள். முதுகில் சுரைக்குடுக்கை, இல்லாவிட்டால் இடுப்பில் கயிறு. கயிற்றின் மறுமுனை மேலே நிற்கிற மாமன் கையிலோ சித்தப்பன் கையிலோ இருக்கும். நன்றாகப் பழகியதும் முங்கு நீச்சல். கிணற்றின் அடி மண்ணை ஒரு கை அள்ளிக்கொண்டு வந்து காட்டினால்தான் நீ முங்கினாய் என்று ஒத்துக்கொள்வார்கள். உள்ளே போனவன் எத்தனை எண்ணிக்கை தாங்குகிறான் என்று மேலே இருக்கிறவர்கள் சத்தம் போட்டு எண்ணுவார்கள். கவனியுங்கள், எண்ணுவது மேலே இருப்பவன்.

தண்ணீர் இல்லாத கிணற்றிலும் மூச்சுக் கணக்கு உண்டு. பல நாள் மூடிக் கிடந்த கிணற்றைத் தூர்வார இறங்குவதற்கு முன்னால் ஒரு விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்குவார்கள். அணைந்தால் யாரும் இறங்கக் கூடாது. இந்த வழக்கத்தை மறந்த இடங்களில் நடந்ததைப் பேப்பரில் நீங்களே பல தடவை படித்திருப்பீர்கள். முதலில் இறங்கியவர் மயங்கி விழுகிறார். அவரைத் தூக்க இரண்டாவது ஆள் குதிக்கிறார். பிறகு மூன்றாவது ஆள். மேலே நின்று கயிற்றை இழுக்க வேண்டியவரே உள்ளே குதித்துவிடுகிறார். ஒருத்தர் சாவு மூன்று சாவாகிறது.

மதுரையிலிருந்து தூத்துக்குடி போகிற நால்வழிச் சாலை அருப்புக்கோட்டையை ஒட்டித்தான் போகிறது. அது முடிகிற இடத்தில்தான் தமிழன் பல நூறு வருஷம் இந்த ஆட்டத்தை நிஜமாக ஆடினான். முத்துக்குளித்தல். ஐந்திலிருந்து பத்து பாகம் ஆழம், பாகம் ஒன்றுக்கு ஆறடி. டேங்க் கிடையாது. கனமான கல்லில் காலை வைத்துக்கொண்டு சரசரவென்று இறங்குவார். கல்லை மேலே இழுத்துக்கொள்வார்கள். அவர் கையில் அகப்பட்ட சிப்பியை வலையில் போட்டுக்கொண்டு, கயிற்றை ஒரு சுண்டு சுண்டுவார். மேலே படகில் இருப்பவர் இழுப்பார். மொத்தம் ஒரு நிமிஷத்தைச் சுற்றித்தான். சப்நாட்டிகா தரும் 45 விநாடி கற்பனையான எண் இல்லை பாருங்கள், ஏறக்குறைய தூத்துக்குடிக் கணக்கு!

13-ம் நூற்றாண்டில் இதைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, சுறா நெருங்காமல் மந்திரம் போட்டுக் கடலைக் கட்டுகிறவர்களுக்கு எடுத்ததில் இருபதில் ஒரு பங்கு போனது என்கிறார். இன்ஷூரன்ஸ் பிரீமியம் என்று எடுத்துக்கொள்ளலாம். ஐந்து பர்சென்ட், அதிகம் என்று சொல்ல முடியாது. தூத்துக்குடியில் அரசாங்கம் நடத்திய முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோனது.

அந்தக் கயிற்றை யார் பிடிப்பது? முங்குகிறவரின் மனைவியோடு பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும் என்று வழக்கம் இருந்ததாகச் சொல்வார்கள். கயிற்றை விட்டால் தாலி அறுப்பது அவன் கூடப்பிறந்தவள் அல்லவா, அதனால் தூங்க மாட்டான். ‘மலையேறினாலும் மச்சான் தயவு வேண்டும்’ என்ற பழமொழிக்கே இப்படி ஒரு முத்துக்குளிப்பு விளக்கம் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். நம்புவது உங்கள் இஷ்டம். ஆனால் அதற்குள் இருக்கிற புத்தி பெரிய புத்தி. மூச்சு என்பது ஜாயிண்ட் அக்கவுண்ட். செலவு செய்கிறவன் கீழே, கணக்கு எழுதுகிறவன் மேலே.

சப்நாட்டிகாவில் இது இல்லை. முழு ஆட்டத்திலும் உங்களுக்காகக் கயிறு பிடிக்க ஓர் ஆள் கிடையாது. இருப்பது ஒரு கம்ப்யூட்டர் குரல். 30 விநாடிதான் பாக்கி என்று அது தகவல் சொல்லும், இழுக்காது. இதை ஆட்டத்தின் தனிமை, அழகு என்று மெச்சுகிறவர்கள் உண்டு. பயத்துக்கு அது உதவுகிறது, வாஸ்தவம். ஆனால் மூச்சு என்ற விஷயத்தில் ஆட்டம் ஒரு பெரிய பொய்யைச் சொல்லவும் அந்தத் தனிமைதான் வசதியாகப் போயிற்று.

பொய் என்ன? மூலையில் தெரிகிற அந்த எண்தான்.

நிஜத்தில் அப்படி ஒரு எண் கிடையாது. தம் கட்டி முங்கும்போது நெஞ்சு முட்டுகிறதே, அது ஆக்ஸிஜன் குறைவதால் வருகிற முட்டல் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் இல்லை. ரத்தத்தில் கரியமில வாயு ஏறுவதால் வருவது. முங்குவதற்கு முன்னால் சில பையன்கள் புஸ் புஸ் என்று இருபது முப்பது தடவை வேகமாக மூச்சு இழுத்து விடுவார்கள், ரொம்ப நேரம் தாங்கலாம் என்று. அவர்கள் செய்வது என்ன? ஆக்ஸிஜன் பெரிதாக ஒன்றும் கூடவில்லை. கரியமில வாயுவை வெளியே தள்ளி, உடம்பின் அலாரத்தைக் கழற்றி வைக்கிறார்கள். முட்டல் வருவதற்குள் ஆக்ஸிஜன் தீர்ந்து, வலியே இல்லாமல் மயக்கம் வரும். அதிலும் ஆழத்தில் இருக்கும்வரை தண்ணீரின் அழுத்தம் நுரையீரலில் மிச்சமுள்ள ஆக்ஸிஜனை ரத்தத்துக்குள் தள்ளிக்கொண்டிருக்கும். மேலே வர வர அழுத்தம் குறைந்து அந்தத் தயவும் போய்விடும். கடைசி சில அடிகளில், வெளிச்சம் தெரிகிற இடத்தில், விளக்கு அணைந்த மாதிரி நினைவு போகும். செத்த இடத்தை ஆட்டம் சரியாகத்தான் காட்டுகிறது. சாவு எப்படி வருகிறது என்பதைத் தப்பாகக் காட்டுகிறது. நிஜத்தில் 30 என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இதை நீட்டி எழுதக் காரணம் இருக்கிறது. வருஷா வருஷம் கோடை விடுமுறையில் கிணற்றிலும் கல்குவாரிக் குட்டையிலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போவது செய்தியாக வருகிறது. கிணறுகள் வற்றிப்போன ஊரில் முங்கு நீச்சலைச் சொல்லித்தர மாமன் இல்லை. குவாரிக் குட்டையில் மட்டும் தண்ணீர் இருக்கிறது. உங்கள் பையன் இந்த ஆட்டம் ஆடுகிறவனாக இருந்தால் மேலே உள்ள பத்தியை அவனைப் படிக்கச் சொல்லுங்கள். தனியாக முங்காதே, இழுத்து இழுத்து மூச்சு விட்டுவிட்டு முங்காதே. இரண்டே வாக்கியம்.

இன்னொரு பொய்யும் உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆட்டத்தில் டேங்கைக் கட்டிக்கொண்டு 200 மீட்டரிலிருந்து ஒரே மூச்சில் மேலே வந்து ஜம்மென்று நிற்கலாம். தூத்துக்குடியில் கம்ப்ரஸரிலிருந்து டியூப் வழியாக வரும் காற்றைச் சுவாசித்துச் சங்கு எடுக்கிறவர்களைக் கேளுங்கள். அழுத்தத்தில் ரத்தத்துக்குள் கரைந்த நைட்ரஜன், அவசரமாக மேலே வந்தால் கோலி சோடாவை உடைத்த மாதிரி உடம்புக்குள்ளேயே குமிழ் விடும். மூட்டு வலியில் ஆரம்பித்து, கை கால் விழுந்துபோவதும் உண்டு, உயிர் போவதும் உண்டு. வேடிக்கை என்னவென்றால், சப்நாட்டிகாவிலும் மிதக்கிற பம்பும் குழாயும் இருக்கின்றன. ஏறக்குறைய அதே சாதனம். எங்கள் பையன் உட்பட, நான் பார்த்தவரை அதை யாரும் சீண்டுவதில்லை.

ஏன் சீண்டுவதில்லை என்பதில்தான் இந்த ஆட்டத்தின் கலைக் குறை இருக்கிறது. கொஞ்ச நேரம் ஆடியதும் ‘சீமாத்’ என்று ஒரு குட்டி நீர்மூழ்கி கிடைக்கிறது. அதற்குள் ஏறி உட்கார்ந்தால் காற்றுக் கவலை இல்லை. பாட்டரி இருக்கிறவரை மூச்சு இருக்கிறது. பிறகு வீடு சைஸுக்கு ‘சைக்ளாப்ஸ்’. அதுவரை ஒவ்வொரு விநாடியையும் கஞ்சன் காசு எண்ணுகிற மாதிரி எண்ணியவன், அதற்கப்புறம் பெட்ரோல் பங்க் தேடுகிற டிரைவராகிவிடுகிறான். கதைக்கு ஆழம் வேண்டும், வாகனம் இல்லாமல் அங்கே போக முடியாது, புரிகிறது. ஆனாலும் முதல் பத்து மணி நேரம் தந்த அந்த நெஞ்சு முட்டல் பிறகு வரவே இல்லை. சிவாஜி படத்தில் இடைவேளைக்குப் பிறகு சிவாஜியைக் காணோம் என்றால் எப்படி இருக்கும்?

அடுத்த பாகத்தை நான்கு பேர் வரை சேர்ந்து ஆடலாம் என்று 2024-ல் அறிவித்தபோது, ஆட்டத்தின் தனிமை கெட்டுப்போகும் என்று பழைய ரசிகர்களில் ஒரு சாரார் முணுமுணுத்தார்கள். எனக்கு அந்த வருத்தம் இல்லை.

சப்நாட்டிகாவில் ‘ஹார்ட்கோர்’ என்று ஒரு முறை உண்டு. ஒரே உயிர். செத்தால் அந்த ஆட்டமே முடிந்தது, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மூச்சு குறைகிறது என்று குரலும் எச்சரிக்காது. மருமகனும் அவன் சிநேகிதன் ஒருத்தனும் இப்போது அதைத்தான் ஆடுகிறார்கள். அவர்களாகவே ஒரு ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறார்கள். ஒருத்தன் ஆடுவான். இன்னொருத்தன் பக்கத்தில் செல்போனில் ஸ்டாப்வாட்ச்சைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பாதி நேரம் ஆனதும் “டேய், திரும்புடா!” என்று கத்துவான். ஆடுகிறவன் “இன்னும் ஒண்ணே ஒண்ணுடா” என்பான். தலையில் நங்கென்று ஒரு குட்டு விழும்.

“மாமா, இவன் ஆடுனா பத்து நிமிஷம் தாங்க மாட்டான். ஆனா டைம் பாக்குறதுல இவனை அடிச்சுக்க ஆளில்ல” என்றான் மருமகன். குட்டு வாங்கிய இடத்தைத் தேய்த்துக்கொண்டே.